வாயிலில் நின்றவர்

கொழும்பு மாநகரின் காலிமுகத் திடலுக்குத் தென்கோடியில், கடலையொட்டி நிற்கிறது கால்ஃபேஸ் ஓட்டல். 1864-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் சிலர் கூடித் தொடங்கியது அது. ஐந்தாண்டுகள் கழித்து, 1869-இல், சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. கீழ்த்திசை நோக்கி வரும் நீராவிக் கப்பல்கள் பெருகின. 1885-இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் கட்டி முடிந்தபின் காலித் துறைமுகத்தின் பெருமை மங்கி, நிலக்கரி ஏற்றவும் பயணிகள் இளைப்பாறவும் கொழும்பே துறையாயிற்று. துறைமுகத்தருகே 1875-இல் திறக்கப்பட்ட கிராண்ட் ஓரியண்டல் ஓட்டலும் இந்தப் போக்குவரத்தை நம்பி எழுந்ததேயாகும்.

இவ்வோட்டல்களின் வரலாற்றை யார் எழுதினாலும் விருந்தினர் பெயர்களையே அடுக்குவார்கள். ரஷிய எழுத்தாளர் செகாவ் 1890-இல் கிராண்ட் ஓரியண்டலில் தங்கினார் என்பார்கள். ஆர்தர் சி. கிளார்க் தம் ‘3001’ நாவலின் இறுதிப் பகுதியைக் கால்ஃபேஸில் அமர்ந்து எழுதினார் என்பார்கள். இவை பொய்யல்ல. ஆனால் செகாவுக்குச் சோறு சமைத்தவர் யார்? கிளார்க்கின் மேசையைத் துடைத்தவர் யார்?

அக்காலத்து ஓட்டல் வேலையை இன்றைய இளைஞர் எண்ணிப் பார்ப்பதும் அரிது. மின்விசிறி வருமுன், கூடத்தின் கூரையில் துணிப் பங்கா தொங்கும். அதன் கயிறு சுவர்த் துளை வழியே வெளியே வரும். அங்கே ஒருவர் குந்தியிருந்து மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டேயிருப்பார். உள்ளிருப்போருக்குக் காற்று தெரியும், கை தெரியாது. வெந்நீர் சுமந்தோர், துணி வெளுத்தோர், காலணி துடைத்தோர் என்று இன்னும் எத்தனையோ பேர். துரைமார் இவர்களை அழைத்த சொல் ‘பாய்’. நம்மூரில் பாய் என்றால் மரியாதை; அங்கே அது சிறுவன் என்னும் ஆங்கிலச் சொல். தலை நரைத்தவரும் அவர்களுக்குச் சிறுவரே!

இந்தப் பெயரற்ற கூட்டத்தினின்று ஒருவர் பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது. கொட்டாரப்பட்டு சாத்து குட்டன் என்பவர் அவர். 1920-இல் கேரளத்தில் பிறந்து, இளம்பருவத்திலேயே பிழைப்புத் தேடிக் கொழும்பு வந்தவர். 1942-இல் கால்ஃபேஸில் வேலைக்குச் சேர்ந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 5-ஆம் நாள்தான் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. 1948-இல் நாடு விடுதலை பெற்றது, 1972-இல் குடியரசாயிற்று, 1983-இல் கொழும்பு பற்றியெரிந்தது, 2009-இல் போர் முடிந்தது. குட்டன் அதே ஓட்டலில்தான் இருந்தார். பிற்காலத்தில் வெண்ணிறச் சீருடையும் நரைத்த பெருமீசையுமாக வாயிலில் நின்று, கைகூப்பி ‘ஆயுபோவன்’ என்று வரவேற்பார். 2014 நவம்பரில் தம் 94-ஆம் வயதில் அவர் மறைந்தபோது அயல்நாட்டுப் பத்திரிகைகளும் அச்செய்தியை வெளியிட்டன. எழுபத்திரண்டு ஆண்டுப் பணி அது! ஓட்டலுக்கு நூற்றைம்பது வயது நிறைந்ததும் அதே ஆண்டில்தான். அந்த வயதில் ஏறத்தாழச் செம்பாதி அவருடைய உழைப்பு.

ஆயினும் நமக்கு ஓர் ஐயம். வாயிலில் நின்றவராதலால் பயணிகள் அவரைப் படம் பிடித்தார்கள். அவரே எழுபத்திரண்டு ஆண்டும் அடுப்படியில் நின்றிருந்தால்? அவர் பெயரும் பங்கா இழுத்தவரோடு போயிருக்கும் என்றே கருதுகிறோம்.

செய்தியைக் கொண்டுவந்தவரின் பெயரைப் பேணுவதில் நம் முன்னோர் வேறு வழி கண்டவர்கள். ரிஜால் கலை நூல்களில் அறிவிப்பாளர் ஒவ்வொருவருக்கும் பெயருண்டு, ஊருண்டு, ஆசிரியர் வரிசையுண்டு. இப்னு உமர் (ரலி) அவர்களிடம் அடிமையாயிருந்து உரிமை பெற்ற நாஃபிஉ அவர்களின் பெயர், அவரிடம் பயின்ற இமாம் மாலிக் அவர்களின் பெயரோடு ஒரே தொடரில் நிற்கிறது. அதைப் பொற்சங்கிலி என்று போற்றுகிறோம்.

இக்கலையை ஓதிய நாம் நம்மையும் சொல்லியாக வேண்டும். நாம் ஓதிய மத்ரசாவில் ஏழாண்டுகள் நமக்கு உணவளித்தவர் ஒருவர். பஜ்ருக்கு முன்பே அவரது அடுப்பு எரியும். காய்ச்சல் கண்ட மாணவனுக்குத் தனியே கஞ்சி வைத்துத் தருவார். உஸ்தாதுமார் பெயர்களை அவர்தம் ஊரோடும் பாட்டனார் பெயரோடும் இன்றும் ஒப்பிப்போம். அவரையோ ‘பண்டாரி’ என்றே அழைத்துப் பழகிவிட்டோம். இக்கட்டுரை எழுதத் தொடங்கியபோது அங்கே சென்று பழைய சம்பளப் பேரேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினோம். மாதந்தோறும் ஒரு வரி இருந்தது: பண்டாரி, தொகை, பெருவிரல் ரேகை.