லூப்பும் உதிரப்போக்கும்

இந்திய அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 1965ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 'லூப்' என்னும் கருத்தடைச் சாதனம், மக்கள்தொகைப் பெருக்கத்தை விரைவில் தடுத்து நிறுத்திவிடும் என்று திட்ட வல்லுநர்கள் பெரிதும் நம்பிய ஒன்றாகும். அமெரிக்காவின் பஃபலோ நகரைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் ஜாக் லிப்பீஸ் உருவாக்கிய இது, ஆங்கில 'எஸ்' எழுத்து இரண்டை ஒன்றன்கீழ் ஒன்றாக இணைத்தாற்போல் வளைந்த பாலிஎதிலீன் இழை. எக்ஸ்ரேயில் தெரிவதற்காக அதில் பேரியம் சல்பேட் கலக்கப்பட்டிருந்தது. மெல்லிய குழாய்க்குள் நேராக நீட்டிச் செலுத்தப்பட்டு, கருப்பைக்குள் சென்றதும் பழைய வளைவுக்கே திரும்பி அங்கே தங்கிவிடும். அறுவை இல்லை, நாள்தோறும் மாத்திரை விழுங்கும் கவலை இல்லை, விலையும் குறைவு என்பதால் கான்பூரில் அதற்கெனத் தொழிற்சாலையே நிறுவப்பட்டது.

1965-66இல் ஏறத்தாழ 8 லட்சம் பெண்களும் அடுத்த ஆண்டில் 9 லட்சம் பெண்களும் லூப் பொருத்திக்கொண்டனர். 1966 முதல் ஒவ்வொரு லூப்புக்கும் மத்திய அரசு மாநிலங்களுக்கு 11 ரூபாய் வழங்கி, எண்ணிக்கையை உயர்த்தத் தூண்டியது. ஆயினும் 1968-69இல் அந்த எண்ணிக்கை 5 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இவ்வீழ்ச்சிக்கு வதந்திகளே காரணம் என்று அக்காலத்தில் பரவலாகச் சொல்லப்பட்டது. வதந்திகள் இருந்தன என்பது உண்மையே; ஆனால் அவற்றுக்கு அடியில் இருந்தது, பெண்கள் தம் உடலில் கண்ட மிகையான உதிரப்போக்கு.

அந்த உதிரப்போக்குக்குத் தெளிவான உடலியல் காரணங்கள் உண்டு. மாதவிடாயின்போது, கருப்பையின் உட்சவ்வில் திறந்துகொள்ளும் நுண்ணிய இரத்தக் குழாய்கள், தாமே சுருங்குவதாலும் ஃபைப்ரின் என்னும் புரத இழைகளால் இரத்தம் உறைவதாலும் அடைபடுகின்றன. லூப்போ அந்த மென்சவ்வை ஓயாது அழுத்தி உரசுவதால், தொடும் இடங்களில் சவ்வு தேய்ந்து, குழாய்களின் சுவரில் இடைவெளி விழுகிறது. லூப்பை அயற்பொருளாகக் கருதும் உடல் அவ்விடத்தில் வெள்ளணுக்களைத் திரட்டுகிறது. கருவுறுதலைத் தடுப்பதும் பெரும்பாலும் இந்த அழற்சியே என்பதால், பயனையும் தொல்லையையும் முற்றாகப் பிரித்துவிட முடிவதில்லை. அழற்சியின்போது மிகுதியாகச் சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்கள், சில இரத்தக் குழாய்களை விரித்தும் கருப்பைத் தசையை இறுக்கியும் உதிரத்தையும் வலியையும் ஒருங்கே கூட்டுகின்றன. அத்துடன் உறைகட்டியைக் கரைக்கும் நொதிகளின் செயலும் மிகுவதால், அடைபட வேண்டிய குழாய் அடைபடாமல் கசிகிறது. இத்தொல்லைக்குப் புராஸ்டாகிளாண்டினைக் குறைக்கும் வலிநிவாரணிகளும், உறைகட்டி கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலமும் தரப்படுவது இக்காரணத்தாலேயே. லூப்பின் அளவைக் குறைத்தால் உதிரம் குறைந்தது. ஆனால் அது நழுவி வெளியேறுவதும் கர்ப்பம் தரிப்பதும் கூடின.

மாதவிடாயில் இயல்பாக வெளியேறும் 35 மில்லிலிட்டர் அளவிலான உதிரத்தை லூப் ஏறத்தாழ இருமடங்காக்கியது. இது மிகை என்று மருத்துவம் வகுத்த 80 மில்லிலிட்டர் எல்லையை நெருங்கும் அளவாகும். நன்கு உண்ணும் பெண் இதைத் தாங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே இரத்தசோகையில் வாடிய இந்தியக் கிராமத்துப் பெண்ணுக்கு மாதந்தோறும் நேர்ந்த இந்த இழப்பு சிறியதன்று. மேலும், தீட்டு என்று விலக்கிவைக்கும் வீடுகளில் உதிரப்போக்கு நீண்ட ஒவ்வொரு நாளும் அடுக்களைக்கும் வழிபாட்டுக்கும் வெளியே கழிந்த நாளாயிற்று. முகாமில் பொருத்திவிட்டுச் சென்ற மருத்துவரை மீண்டும் காண வழியில்லாத இடங்களில், இவள் யாரிடம் முறையிட்டிருக்க முடியும்?

1970களில் வந்த காப்பர் டி, உருவில் சிறியது என்பதால் உதிரத்தை லூப்பை விடக் குறைவாகவே கூட்டியது. எனினும் இயல்பை விட ஏறத்தாழ பாதியளவு மிகையாகவே வைத்தது. பின்லாந்தில் டாபானி லுக்கைனன் உருவாக்கி 1990இல் விற்பனைக்கு வந்த லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனம், உட்சவ்வையே மெலியச் செய்து உதிரத்தைப் பெரிதும் குறைத்தது. முதல் சில மாதங்களில் திட்டுத்திட்டாகக் கசிவது மட்டும் அதிலும் உண்டு. 2011இல் பன்னாட்டு மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு வகுத்த உதிரப்போக்குப் பகுப்பில், கருப்பைச் சாதனங்களால் நேரும் இத்தகைய உதிரப்போக்கு மருத்துவத்தால் விளைவது என்ற தனிப்பிரிவில் இடம்பெற்றது. லூப்பை எடுத்துவிடும்படி கேட்டு வந்த பெண்கள் அறியாமையால் கேட்கவில்லை. அவர்களின் முறையீட்டை வதந்தி என்று ஒதுக்கியதே அத்திட்டத்தின் பெரும்பிழை.