முடுக்குகள் உரைக்கும் வரலாறு

மாமல்லபுரத்துச் சிற்பங்களை 1984-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. மன்னர்கள் கல்லில் வடித்தவற்றைக் காக்கச் சட்டமுண்டு, காவலருமுண்டு. மக்கள் குடியிருந்து வளர்த்த தெருக்களைக் காப்பவர் யார்? அரபு வரலாற்றாசிரியர்கள் ‘மஅபர்’ எனக் குறித்த இந்நெடுங்கரையின் தென்பகுதியில் உள்ள காயல்பட்டினத்தை எண்ணுந்தோறும் இக்கேள்வி நம் உள்ளத்தில் எழுகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காயல் வணிகர்கள் இலங்கையிலும் பர்மாவிலும் கல்கத்தாவிலும் பொருளீட்டினர். அப்பொருள் ஊரில் வீடுகளாக எழுந்தது. சுண்ணாம்புக் காரை பூசிய தடித்த சுவர்கள், மர உத்திரங்கள், அகலம் குறுகி உள்நோக்கி நீண்ட கட்டுகள் என்பன அவற்றின் அமைப்பு. தெருவாசல் ஆடவர்க்கும் விருந்தினர்க்கும் உரியது. வீடுகளுக்கிடையே செல்லும் ஒடுங்கிய சந்தினை ‘முடுக்கு’ என்பர். அது பெண்களின் பாதை. பெருந்தெருவை மிதியாமலே அவர்கள் உறவினர் இல்லங்களுக்குச் சென்றுவர அது உதவியது.

இவ்வமைப்பின் வேர் மண வழக்கில் இருக்கின்றது. இவ்வூரில் மணமகன் மணமகளின் இல்லத்தில் வாழ்கின்றார். எனவே, வீடு மகளைச் சார்கின்றது. மரணத்துக்குப் பின் பங்கிடப்படும் ‘மீராஸ்’ வேறு. பிள்ளைகளிடையே நீதி பேணி, வாழுங்காலத்திலேயே மனமுவந்து வழங்கும் ‘ஹிபா’ வேறு என்பதை மார்க்கம் கற்றோர் அறிவர். கணவன் கடல் கடந்து ஆண்டுக்கணக்கில் வாணிபம் செய்த நாட்களில், மனைவி தன் தாயின் அருகிலும் சகோதரிகளின் அணுக்கத்திலும் வாழ்ந்தாள். அந்த அணுக்கத்தைக் கட்டிக் காத்தது முடுக்கே.

1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்த வாணிபம் குலைந்தது. பின்னர் வளைகுடா நாடுகளின் வருவாய் வந்தது; காரைச் சுவரின் இடத்தைக் காங்கிரீட்டு பிடித்தது. குடும்பம் பெருகும்போது வீட்டை மாற்றிக் கட்டுவதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், முடுக்கு ஒருவர் மட்டும் ஆளும் பொருளன்று. பல வீட்டார் பரஸ்பரம் விட்டுக்கொடுத்ததனால் அமைந்த வழி அது. ஒருவர் எல்லைவரை சுவரெழுப்பினால் அத்தனை பேர்க்கும் பாதை அடைபடும்.

அண்டை வீட்டாரை வாரிசாகவும் ஆக்கிவிடுவாரோ என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எண்ணுமளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டையர் உரிமையை வலியுறுத்தினார்கள். அவ்வுரிமை மண்ணில் பதித்த தடமே முடுக்கு. பழைய வீட்டை இடிக்க நேரின், அதன் அமைப்பை அளந்து வரைந்து வைப்போம். புதிய சுவரை எழுப்புமுன் முடுக்கின் அகலத்தையேனும் விட்டுவைப்போமாக!