மண் குழைத்த கால்கள்

திருவண்ணாமலைப் பக்கம் மண் வீடு கட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் ஆரணியில் இருக்கும் என் ஆயா சிரித்தார். "இதுக்கா காசு கட்டிப் படிக்கப் போற, கண்ணு?"

பயிற்சியில் முதலில் மண்ணைச் சோதித்தோம். கண்ணாடிப் புட்டியில் மண்ணும் நீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தால் மணல் முதலில் அடியில் படியும். களி கடைசியாக மேலே தங்கும். களி மிகுந்தால் சுவர் காயும்போது வெடிக்கும். மணல் மிகுந்தால் உதிரும். வெடிப்பைத் தடுக்க வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதிக்க வேண்டும். ஒரு படை சுவர் வைத்து, அது இறுகிய பிறகே அடுத்த படை. கூரைக்குப் பனங்கை.

ஊர் திரும்பி இதைச் சொன்னேன். ஆயா கொல்லை மண்ணை ஒரு பிடி எடுத்து நனைத்தார். உள்ளங்கைகளுக்கிடையே திரியாக உருட்டினார். அது உடைந்த விதத்தைப் பார்த்து, "மணல் ஜாஸ்தி" என்றார்.

ஆரணியின் பழைய நெசவு வீடுகளில் தறி, மண் தரையில் தோண்டிய குழியில் இருந்தது. தரையின் ஈரம் பாவு நூல் எளிதில் அறாமல் காத்தது. அந்தத் தரையைச் சாணம் கரைத்து மெழுகியதும், மழைக்குப் பின் சுவரைப் பூசியதும், ஊடைக்குத் தார் சுற்றியதும் பெரும்பாலும் பெண்கள். தறியில் உட்கார்ந்தவருக்கு நெசவாளர் என்ற பெயர் கிடைத்தது. இந்த உழைப்புக்கோ 'வீட்டு வேலை' என்ற பெயர்தான்.

வீட்டுக்கு வெளியேயும் கதை மாறவில்லை. கட்டட வேலையில் ஆண் சித்தாளாகச் சேர்ந்து கொத்தனார் ஆகிறார். பெண் சித்தாளாகச் சேர்ந்து சித்தாளாகவே முதுமை அடைகிறார். சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது. ஆனால் கரண்டியைக் கையில் கொடுக்காமல், சட்டியை மட்டும் தலையில் ஏற்றினால், 'சம வேலை' என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்று மண் கட்டுமானம் மதிப்புள்ள படிப்பு. ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் 1989 முதல் இயங்குகிறது. இமாச்சலத்தில் மண்ணும் மூங்கிலும் கொண்டு வீடுகள் கட்டிய டிடி கான்ட்ராக்டர் கட்டடக்கலைப் பட்டம் பெறாதவர். 2019இல் நாரி சக்தி விருது பெற்றார். அது நியாயமான மரியாதை. ஆனால் பட்டமில்லாத அவரைக் கட்டடக்கலைஞராக ஏற்ற அதே சமூகம், பட்டமில்லாத என் ஆயாவைக் கைநாட்டு என்றே எழுதிக்கொண்டது. இந்த வித்தியாசத்தைப் பால் மட்டும் தீர்மானிக்கவில்லை. வர்க்கமும் சேர்ந்தே தீர்மானித்தது.

மண் வீட்டைப் புனிதமாக்கவும் எனக்கு மனமில்லை. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க இலக்கு வைத்தது. சிமெண்ட் தரை வந்தபோது ஆயா மகிழ்ந்தார். "முட்டி தப்பிச்சுது" என்பார். மண் வீட்டின் குளிர்ச்சி எல்லோருக்கும் கிடைத்தது. அதைக் காக்கும் முட்டி வலி பெண்களுக்கு மட்டும். அந்தப் பராமரிப்பை யார் செய்வது என்று கேட்காமல் மண்ணுக்குத் திரும்புவது, பழைய சுமையைப் புதிய பெயரில் ஏற்றுவதாகும்.

அடுத்த பயிற்சிக்கு மண் பார்க்க வருகிறீர்களா என்று ஆயாவைக் கேட்டேன்.

"கூலி எவ்வளவு தருவாங்க?" என்றார்.