ஆடிட் டிரெயில்: எழுதினது சரி, படிச்சது யாரு?

மருந்து கம்பெனி லேப்ல வேலை பார்த்த பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்க, ஒரு நோட்டைப் பத்திச் சொல்வாங்க. பக்கத்துக்கு நம்பர் அடிச்ச, பைண்டு பண்ணின நோட்டு. தப்பா எழுதிட்டா அழிக்கக் கூடாது, வெள்ளை மை தடவக் கூடாது, தாளைக் கிழிக்கவே கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு. பழைய எண் கோட்டுக்கு அடியில் தெரியணும். பக்கத்தில் புது எண், சின்னக் கையெழுத்து, தேதி, காரணம். இன்னிக்கு சோதனை முடிவுகளை நிர்வகிக்கிற மென்பொருள்கள்ல 'ஆடிட் டிரெயில்'னு ஒரு சமாச்சாரம் இருக்கே, அது இந்த ஒத்தைக் கோட்டோட வாரிசுதான்.

கோடு கணினிக்குள்ள போனதுக்கு ஒரு பின்னணி உண்டு. 1993 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பார் லேபரட்டரீஸ் என்ற கம்பெனி வழக்கில் தீர்ப்பு வந்தது. கேள்வி ரொம்ப எளிமையானது. மாத்திரை சோதனையில் தேறலைன்னா, தேறுற வரைக்கும் திரும்பத் திரும்ப சோதிச்சு, தேறினதை மட்டும் கணக்கில் காட்டலாமா? கூடாதுன்னுட்டார் நீதிபதி வோலின். தேறாத முடிவு வந்தா ஏன் வந்ததுன்னு விசாரிக்கணும், சும்மா தூக்கிப் போட முடியாது.

ஆனா அதுக்குள்ள லேப்ல நோட்டு போய் கம்ப்யூட்டர் வந்தாச்சு. ஹெச்.பி.எல்.சி. மிஷின்ல மருந்தைச் செலுத்தினா திரையில் மலை மலையா ஒரு வரைபடம் வரும். மலையின் பரப்பை வச்சுத்தான் மருந்து எவ்வளவு இருக்குன்னு கணக்கு. அந்த மலைக்கு அடிக்கோடு எங்கே போடுறோம்ங்கிறதைக் கொஞ்சம் நகர்த்தினா பரப்பு மாறும், முடிவும் மாறும். நியாயமா நகர்த்த வேண்டிய நேரமும் உண்டு. ஆனா பிரிண்ட் எடுத்தா கடைசிப் படம் மட்டும்தான் வரும். முன்னாடி எத்தனை தடவை நகர்த்தினாங்கன்னு காகிதத்துக்குத் தெரியாது.

எஃப்.டி.ஏ. 1997 மார்ச்சில் 'பார்ட் 11' விதியை வெளியிட்டது. பதிவை யார் எப்போ உருவாக்கினாங்க, மாத்தினாங்க, அழிச்சாங்கன்னு மென்பொருளே தன்பாட்டுக்கு நேரத்தோட குறிச்சு வைக்கணும். மாத்தினது பழசை மறைக்கக் கூடாது. மூலப்பதிவு இருக்கிற காலம் வரைக்கும் இதுவும் இருக்கணும். அதே ஒத்தைக் கோடு! செலவு, குழப்பம்னு தொழில்துறை புலம்பினதுல 2003-ல் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாங்க.

அப்புறம்தான் ஏபிள் லேபரட்டரீஸ் விவகாரம். அதுவும் நியூஜெர்சிதான். 2005 மே முதல் ஜூலை வரை அங்கே ஆய்வு நடந்தது. தேறாத முடிவுகளைத் தேற வைக்க எடையை மாத்தியிருக்காங்க, வரைபடத்தை வெட்டி ஒட்டியிருக்காங்க, ஒரு குப்பியின் இடத்தில் வேற குப்பியை வச்சிருக்காங்க. ஆய்வாளர்கள் எழுதின குறைகளில் என்னை உட்கார வச்சது வேற ஒண்ணு: தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு கணினியில் இருந்த ஆடிட் டிரெயிலைப் பார்க்கவே இல்லை. அதாவது திருட்டுக்கு நாட்குறிப்பு அந்தக் கட்டிடத்துக்குள்ளயே இருந்தது, திறந்து பார்க்கத்தான் ஆளில்லை. மருந்து அத்தனையும் திரும்பப் பெறப்பட்டது. ஜூலையில் கம்பெனி திவால். 2007-ல் முன்னாள் ஊழியர்கள் நாலு பேர் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கிட்டாங்க.

நம்ம நாடு சளைச்சதா என்ன? 2014 ஜனவரியில் பஞ்சாப் டோன்சாவில் இருந்த ரான்பாக்ஸி ஆலை மருந்துகளை அமெரிக்காவுக்கு அனுப்பக் கூடாதுன்னு எஃப்.டி.ஏ. தடை போட்டது. காரணம், தேறாததை மறுபடி மறுபடி சோதிச்சு, தேறாத சேதியைச் சொல்லாம விட்டது. பார் தீர்ப்பு வந்து கிட்டத்தட்ட 21 வருஷம் ஆகியிருந்தது! அந்த வருஷங்கள்ல 'டிரையல்'னு பேர் வச்சு முதல்ல சும்மா ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிற வழக்கத்துக்கும் இந்திய ஆலைகள் சில கடிதம் வாங்கின.

2018 டிசம்பரில் எஃப்.டி.ஏ. இறுதியாக்கின வழிகாட்டி இந்த ஓட்டையைத்தான் அடைக்குது. சோதனைப் பதிவைச் சரிபார்க்கிறவர், அதில் நடந்த மாற்றங்களின் ஆடிட் டிரெயிலையும் சேர்த்தே பார்க்கணும். நல்ல முடிவுன்னு நான் நினைக்கிறேன், பத்து வருஷம் லேட் என்றாலும்.

சரி, அமைக்கிறது எப்படி? பதிவை ஆன் பண்றதோட வேலை முடியலை. அதை ஆஃப் பண்ற அதிகாரம் சோதனை செய்யறவர் கையில் இருக்கக் கூடாது. கம்ப்யூட்டர் கடிகாரத்தை அவர் தொடக் கூடாது, நேத்தைய தேதியை இன்னிக்குப் போட்டுடலாம். நாலு பேருக்கு ஒரே பாஸ்வேர்டுன்னா 'யார்' என்ற கட்டமே வீண். மென்பொருள் டெஸ்டிங்கில் இருக்கிற நண்பர்களுக்கும் இதேதான்: ரிலீசுக்கு முந்தின ராத்திரி 'ஃபெயில்' எப்படி 'பாஸ்' ஆச்சுன்னு உங்க டூல் சொல்லுமா?

எல்லா வரியையும் படிக்கணும்னா ஒருத்தருக்கும் விடியாது. முடிவைத் தொட்டது, அழிச்சது, திரும்ப ஓட்டினது, அடிக்கோட்டைக் கையால் நகர்த்தினது, இதை மட்டும் வடிகட்டிக் காட்டச் சொன்னா பாதிச் சுமை குறையும். காரணம் கேட்கிற கட்டம் ஒண்ணு இருக்கும், அதுல ஒரு புள்ளி வச்சுட்டு என்டர் தட்டுற புண்ணியவான்களும் உண்டு :-) அதுக்காகவே காரணங்களை முன்கூட்டியே பட்டியலாப் போட்டு, அதுலேர்ந்து ஒண்ணைத் தேர்ந்தெடுக்க வைக்கிற லேப்கள் இருக்கு.