நல்ல நாளுக்கு மட்டும் இட்லி: கம்பம் பள்ளத்தாக்குப் பலகாரங்களின் பசி வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பிட்டு முடிச்சு ஓய்வா இருக்கும்போது படிங்க.

1.

தீபாவளி முடிஞ்ச மறுவாரம் எந்த அரசு மருத்துவமனையின் சர்க்கரை நோய் ஓ.பி.யில் போய் உட்கார்ந்தாலும் ஒரு வசனம் காதில் விழும்.

"நல்ல நாளும் அதுவுமா ரெண்டு அதிரசம் தின்னேன் டாக்டரய்யா. அது ஒரு குத்தமா?"

குத்தமே இல்லை ஆத்தா. ஆனா அந்த "நல்ல நாள்"ங்கிற வார்த்தைக்குள்ள நூத்தைம்பது வருஷ வரலாறு ஒளிஞ்சிருக்கு. அது தெரியாம "அரிசியைக் குறைங்க, இனிப்பை நிறுத்துங்க"ன்னு சீட்டில் எழுதிக் கொடுத்தா அந்தச் சீட்டு மடியிலேயே இருக்கும். வயித்துக்குப் போகாது.

அந்த வரலாறுதான் இன்றைய த்ரெட்.

2.

காமயகவுண்டன்பட்டி. சுருக்கமா கே.கே.பட்டி. தேனி மாவட்டத்தில் கம்பத்துக்குப் பக்கத்து ஊர். இன்னைக்கு வெளியூர்க்காரங்களுக்குத் தெரிஞ்சது இங்க விளையற பன்னீர் திராட்சை. 2023ல் "கம்பம் பன்னீர் திராட்சை"க்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது.

சுத்திப் பார்த்தா நெல்வயல், தென்னை, வாழை, திராட்சைப் பந்தல். பார்க்கிறவங்க "இந்த ஊர்ல என்னைக்கு அரிசிக்குப் பஞ்சம் வந்திருக்கும்?"னு நினைப்பாங்க.

ஆனா இந்தப் பக்கத்தில் 75, 80 வயசு தாண்டின அப்பத்தா, அம்மாச்சி யாரையாவது கேட்டுப் பாருங்க. "எங்க காலத்துல இட்லி, தோசையெல்லாம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான்யா. மத்த நாள்ல கேப்பைக் களியும் கம்பங்கூழும்தான்" என்பார்கள்.

இட்லி ஒரு பண்டிகைப் பலகாரம்! இன்னைக்குக் காய்ச்சல் வந்தவனுக்குக் கொடுக்கிற இட்லி, ஒரு காலத்தில் குழந்தைகள் நாள் எண்ணிக் காத்திருந்த பண்டம்.

3.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருக்கிற நிலம் இது. ஆத்தங்கரையை ஒட்டிப் பழைய வாய்க்கால் பாசனம் இருந்தது. அதைத் தாண்டினால் மானாவாரிதான். சோளம், கம்பு, கேப்பை, சாமை, தினை, மொச்சை. வானம் பார்த்த விவசாயம்.

வானம் பொய்த்தால்?

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் புரட்டிப் போட்டது தாது வருஷப் பஞ்சம். செத்தவர்கள் பல லட்சம். நிவாரண வேலைக்கு வந்த உழைப்பாளிக்கு ஒரு நாளைக்கு 1 ராத்தல் தானியமும் (சுமார் 450 கிராம்) 1 அணாவும் போதும்னு 1877 தொடக்கத்தில் கணக்குப் போட்டவர் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி.

அதை எதிர்த்து எழுதியவர் ஒரு டாக்டர். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ.ஆர். கார்னிஷ். கல் உடைக்கிற, மண் சுமக்கிற உடம்புக்கு இந்த அளவு பத்தாது, பருப்பு வேணும், காய்கறி வேணும்னு சண்டை போட்டார். சில மாசங்களில் அரசு இறங்கி வந்து அளவை உயர்த்தியது. அதுக்குள்ள போன உயிர் போனதுதான்.

பஞ்சத்தில் ஜனங்க கீரையைப் பறிச்சாங்க, காட்டுக் கிழங்கைத் தோண்டினாங்க, புளியங்கொட்டையை இடிச்சு மாவாக்கித் தின்னாங்க. நம்ம ஊர் சமையலில் "எதையும் வீணாக்காதே" என்கிற பழக்கத்துக்குப் பின்னாடி இந்தப் பஞ்சங்களும் இருக்கு.

4.

பஞ்சம் முடிஞ்சு பதினேழு வருஷம் கழிச்சு, 1895 அக்டோபரில் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. கட்டியவர் கர்னல் ஜான் பென்னிகுயிக். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கிட்டிருந்த தண்ணி மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக் கிழக்கே திரும்பியது. இன்னைக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணியில்தான் விளையுது. அவர் பிறந்த ஜனவரி 15ல் இங்க பொங்கல் வைக்கிறதும் அதனாலதான்.

சரி, நெல் விளைஞ்சது. எல்லார் வீட்டு உலையிலும் நெல்லுச்சோறு கொதிச்சதா?

இல்லை உறவுகளே. நெல் விலை போகும் பயிர். வயலில் இறங்கி நட்டவங்களும் அறுத்தவங்களும் வீட்டுக்குப் போய்க் களி கிண்டினாங்க. நிலம் உள்ள குடும்பத்திலேயே நெல்லைக் குதிரில் பூட்டி வச்சு, வித்துக் கடனை அடைச்சவங்க உண்டு.

"நெல்லுச்சோறு" என்கிற சொல்லையே கவனிங்க. சோறுன்னாலே அரிசி என்றால் எதுக்குத் தனியா ஒரு பேர்? கம்பஞ்சோறு, சோளச்சோறு, சாமைச்சோறு இதெல்லாம் தினப்படி. நெல்லுச்சோறு விருந்தாளிக்கும் நல்ல நாளுக்கும்.

5.

இப்படிப்பட்ட வீட்டில் பண்டிகைப் பலகாரம் எப்படி வரும்? கையில் இருக்கிறதை வச்சுதான்.

அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊறவச்சு, நிழலில் உலர்த்தி, ஈரம் காயும் முன்னே உரலில் இடிச்சு, வெல்லப் பாகில் கிளறி, ரெண்டு மூணு நாள் புளிக்க வச்சு, எண்ணெயில் சுடணும். அரிசி, வெல்லம், எண்ணெய் மூணும் வேணும், ஆள்பலமும் வேணும். அதனாலதான் அது வருஷத்துக்கு ஒரு தடவை. "அடுப்புல எண்ணெய்ச் சட்டி ஏறிருச்சு"ன்னா தெருவுக்கே தீபாவளி வந்துட்டதுன்னு அர்த்தம்.

எண்ணெய் இல்லையா? ஆவியில் வேகும் கொழுக்கட்டை. குழியில் ரெண்டு சொட்டு விட்டால் போதும், பணியாரம்.

அடுப்பே வேண்டாமா? ஊறவச்ச அரிசியை இடிச்சு வெல்லம் சேர்த்தால் துள்ளுமாவு. இடிக்காமல் வெல்லமும் எள்ளும் தேங்காயும் கலந்தால் காப்பரிசி.

அரிசியே இல்லையா? கேப்பை மாவில் கருப்பட்டி போட்டு அடை. தினையை இடிச்சுத் தேனில் பிசைந்த மாவு. எள்ளுருண்டை, கடலை உருண்டை, பாசிப்பயறு உருண்டை.

எந்தப் பொருள் இல்லைங்கிறதுக்கு ஏத்த மாதிரி ஒரு பலகாரம் இருக்கு பாருங்க. இல்லாமையைப் பிள்ளைங்க கண்ணுக்குக் காட்டாம மறைச்ச பெண்களின் மூளை இது. யார் பேரும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

6.

அடுத்த அடி இரண்டாம் உலகப் போர். 1942ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்னுபோச்சு. 1943ல் வங்காளத்தில் பெரும் பஞ்சம். சென்னை மாகாணத்திலும் ரேஷன், கட்டுப்பாடு, கள்ளச்சந்தை. ராஜாஜி 1952ல் கட்டுப்பாட்டை நீக்கும் வரை அரிசி ஒரு அரசியல் பொருள்.

அரிசிக்குப் பதில் ரவையில் இட்லி ஊத்தியது இந்தப் போர்க்காலத்தில்தான் என்று பெங்களூர் எம்.டி.ஆர். உணவகம் சொல்கிறது. நாம இன்னைக்கு ஆசையாச் சாப்பிடுற ரவா இட்லி, தட்டுப்பாட்டின் பிள்ளை.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. அதே காலத்தில் இங்கிலாந்தில் சர்க்கரைக்கு ரேஷன், ஆளுக்கு வாரம் சுமார் 225 கிராம். கிறிஸ்துமஸ் கேக் மேல் பூச பாதாம் கிடைக்காமல் சோயா மாவில் பாதாம் வாசனை எசென்ஸ் கலந்து சமாளிச்சாங்க. இனிப்புக்குக் கேரட்டைத் துருவிப் போட்டாங்க. லண்டன் அம்மாவுக்கும் கே.கே.பட்டி அம்மாவுக்கும் கவலை ஒண்ணுதான்: நல்ல நாளில் பிள்ளை முகம் வாடக் கூடாது.

7.

1965, 66ல் மழை பொய்த்தது. வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டுக்கொடுங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நாட்டைக் கேட்டார். பாலை மிச்சப்படுத்த 1965ல் மேற்கு வங்க அரசு சந்தேஷ் முதலான சென்னா இனிப்புகளுக்கே தடை போட்டது.

அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 திட்டத்தில் கோதுமை வந்தது. ரேஷன் கடையில் அரிசி கேட்டால் கோதுமையும் சேர்த்துக் கொடுத்த காலம். அதை என்ன செய்யறதுன்னு முழிச்ச நம்ம வீடுகள் கோதுமையை உடைச்சு உப்புமா கிண்டின, மாவைக் கரைச்சு தோசை ஊத்தின, வெல்லம் போட்டுப் பாயசம் வச்சன.

1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று அண்ணா சொன்னது ஏன் அப்படி எடுபட்டதுன்னு இப்போ புரியுதா? வயித்துக்கு நேராப் பேசிய வாக்குறுதி அது.

அப்புறம் குட்டை ரக நெல், உரம், பம்புசெட். அரிசி பெருகியது. 1982ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம். 2011 ஜூன் முதல் ரேஷனில் விலையில்லா அரிசி. ஒரே தலைமுறையில் நெல்லுச்சோறு வருஷத்துக்கு நாலு நாளிலிருந்து நாளைக்கு மூணு வேளையானது.

இதை நான் குறையாச் சொல்லலை. பசியால் சாகாத தமிழ்நாடு சாதாரணச் சாதனை இல்லை.

8.

இப்போ டாக்டராப் பேசுறேன்.

பசியில் வளர்ந்த உடம்புக்கும் பின்னாளில் வரும் நோய்க்கும் தொடர்பு உண்டு. 1944-45ல் நெதர்லாந்தில் வந்த பஞ்சத்தில் கருவில் இருந்த குழந்தைகள் பெரியவர்களானதும் அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளத் திணறியது ஆய்வுகளில் தெரிஞ்சது. பத்தாக்குறைக்குப் பழகின உடம்பில் திடீர்னு தாராளம் வந்தால் கணையம் தடுமாறும்.

இன்னொரு ஆய்வு 2024ல் சயின்ஸ் இதழில் வந்தது. இங்கிலாந்தில் சர்க்கரை ரேஷன் 1953ல் முடிஞ்சது இல்லையா? கருவிலும் முதல் ரெண்டு வயசு வரையும் ரேஷன் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு, ரேஷனுக்குப் பின் பிறந்தவர்களை விட டைப் 2 சர்க்கரை நோய் வாய்ப்பு சுமார் 35%, ரத்தக்கொதிப்பு வாய்ப்பு சுமார் 20% குறைவு. ரேஷன் நீங்கினதும் அங்க ஒருவர் சாப்பிட்ட சர்க்கரை நாளைக்குச் சுமார் 40 கிராமிலிருந்து 80 கிராம் ஆச்சு. வித்தியாசம் அவ்வளவுதான்.

ரெண்டையும் சேர்த்துப் படிங்க. பட்டினி கெடுக்கும். அளவான இனிப்பு காக்கும். தினமும் தீபாவளி கெடுக்கும்.

2023ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி நம்ம நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். பெரியவர்களில் 11.4%.

9.

அதனால் பாட்டி கூடுதலாச் சோறு வைக்கும்போது எரிஞ்சு விழாதீங்க. அவங்க தட்டில் வைக்கிறது மாவுச்சத்து இல்லை, தனக்குச் சின்ன வயசில் கிடைக்காத பாசம். அந்த இடத்திலிருந்து பேச ஆரம்பிச்சால் கேப்பாங்க. "ஆத்தா, அந்தக் காலத்துல அதிரசம் எத்தனை கிடைக்கும்?"னு கேட்டுப் பாருங்க. "ஆளுக்கு ஒண்ணு, ரெண்டு"னு சொல்வாங்க. அதே அளவுதான் இன்னைக்கும் மருந்துச் சீட்டு.

சில விஷயங்களை மட்டும் மனசில் வச்சுக்கங்க:

கருப்பட்டி, வெல்லம், தேன், நாட்டுச்சர்க்கரை எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையை ஏத்தும். "கருப்பட்டிதானே"ன்னு நாலு பணியாரம் கூடாது.

சிறுதானியம் நல்லது. அதைக் கஞ்சியாக் கரைச்சுக் குடிச்சால் சர்க்கரை வேகமா ஏறும். களியாகவோ அடையாகவோ காய், பருப்போடு அளவாச் சாப்பிடுங்க. மொச்சைக் குழம்பு இருந்தால் ரொம்ப நல்லது.

பலகாரம் சாப்பிட்டால் அந்த வேளை சோறு, இட்லியைக் குறைங்க. மேலே சேர்க்காதீங்க.

பலகாரம் தின்னதுக்குத் தண்டனையா மறுநாள் பட்டினி கிடக்காதீங்க. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. பண்டிகைக்காக மருந்தை நிறுத்தவும் கூடாது.

10.

2020 ஊரடங்கில் பேக்கரி எல்லாம் மூடிக் கிடந்தப்ப, குக்கருக்குள் உப்பைப் பரப்பி, பிஸ்கட்டைப் பொடிச்சுப் பால் ஊத்திப் பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக் செஞ்ச அம்மாக்கள் எத்தனை பேர்! கேக் ஒரு பக்கம் அமுங்கியிருந்தாலும் பிள்ளைக்கு அதுதான் கேக். தாது வருஷத்துக்குப் பின்னும், போர்க்காலத்திலும், கோதுமைக் காலத்திலும் வேலை செஞ்ச அதே மூளைதான் அங்கயும் வேலை செஞ்சது.

உங்க வீட்டில் 70 வயசு தாண்டினவங்க இருந்தால் இந்தப் பண்டிகைக்கு ஒரு வேலை செய்யுங்க. அரிசி இல்லாத வருஷத்தில் தீபாவளிக்கு என்ன செஞ்சீங்கன்னு கேளுங்க. செல்போனில் பதிவு பண்ணி வைங்க, முடிஞ்சால் அதையே அளவாச் செஞ்சு எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுங்க. அவங்க போயிட்டா கேட்க ஆள் கிடையாது.

உங்க ஊர்ப் பக்கம் இல்லாத காலத்தில் செஞ்ச பலகாரம் எது? கீழே எழுதுங்க, எல்லாரும் தெரிஞ்சுக்குவோம்.