பொது அறிவிப்பும் பொதுமக்களும்: புனே, 1897

1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டம் இயற்றப்பட்டபோது நான்கே பிரிவுகளைக் கொண்டிருந்தது. முதலாவது பெயரைச் சொல்கிறது. இரண்டாவது அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. மூன்றாவது மீறுவோரைத் தண்டிக்கிறது. நான்காவது நல்லெண்ணத்துடன் செயல்படும் அதிகாரிகளைக் காக்கிறது. 'பொது அறிவிப்பின்' வழியாக மக்களுக்கு விதிகளை விதிக்கலாம் என்கிறது இரண்டாம் பிரிவு. அறிவிப்பு என்பது இங்கே கட்டளையின் வடிவம் மட்டுமே. நோயைப் பற்றி அரசு அறிந்ததையும், மேற்கொள்ளும் நடவடிக்கைக்கான காரணத்தையும் மக்களுக்குச் சொல்லும் கடமை எப்பிரிவிலும் இல்லை.

இக்குறையின் விளைவை அவ்வாண்டே புனே கண்டது. பம்பாயில் 1896இல் பரவிய பிளேக், சில மாதங்களில் புனேயை அடைந்தது. பிளேக் குழுவின் தலைவராக டபிள்யூ. சி. ரேண்ட் நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் படைவீரர்கள் வீடுவீடாகச் சோதனையிட்டனர். நோயுற்றோர் மருத்துவமனைக்கும், உடனிருந்தோர் தனிமை முகாம்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர், உடைமைகள் எரிக்கப்பட்டன. நோய்க்கிருமியை அலெக்சாண்டர் யெர்சின் 1894இல் ஹாங்காங்கில் கண்டறிந்திருந்தார். ஆனால் எலித் தெள்ளின் பங்கைப் பால்-லூயி சிமோன் கராச்சியில் கண்டது 1898இல்தான். அதாவது, நோய் பரவும் வழியை அறியாமலேயே அரசு வீடுகளுக்குள் நுழைந்தது. அந்த அறியாமையும் உறுதியின் தோரணையிலேயே மக்களை எட்டியது.

சோதனையின் தேவையைப் பாலகங்காதர திலகர் முற்றாக மறுக்கவில்லை. நகரை விட்டு நீங்காமல் நோயாளிகளுக்கென மருத்துவமனை நடத்த உதவியவர் அவர். நடவடிக்கை நிறைவேற்றப்பட்ட முறையையே 'கேசரி' கண்டித்தது. ஜூன் 22 இரவு ரேண்ட் சுடப்பட்டார், ஜூலையில் உயிரிழந்தார். ராஜதுரோக வழக்கில் திலகருக்குப் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இதே நாட்களில் நிகழ்ந்த மற்றொரு நிகழ்வு ஆய்வாளர்களின் கூடுதல் கவனத்திற்கு உரியது. வெல்பி ஆணையத்தின் முன் சாட்சியம் அளிப்பதற்காக ஜி. சுப்பிரமணிய ஐயர் உள்ளிட்டோரைப் போலவே கோபால கிருஷ்ண கோகலேயும் இங்கிலாந்து சென்றிருந்தார். சோதனையின்போது பெண்கள் வன்முறைக்கு உள்ளானதாகப் புனே நண்பர்கள் எழுதிய கடிதங்களை நம்பி, அச்செய்தியை அங்கே வெளியிட்டார். ஆளுநர் சாண்ட்ஹர்ஸ்ட் அதை மறுத்தார். கோகலே நாடு திரும்பியபோது, கடிதம் எழுதியோர் எவரும் பெயரை வெளியிட முன்வரவில்லை. அவர் நிபந்தனையின்றி மன்னிப்புக் கோரினார்.

அம்மன்னிப்பு குற்றச்சாட்டைப் பொய்யென நிறுவிவிடவில்லை. ராஜதுரோக வழக்குகளும் கைதுகளும் சூழ்ந்த நகரில் சாட்சி சொல்ல எவரும் துணியவில்லை என்பதையே அது காட்டுகிறது. குற்றம் சாட்டப்பட்ட நிர்வாகமே விசாரித்து, தானே மறுப்பும் வெளியிட்டது; சுதந்திரமான விசாரணை இல்லாத நிலையில் மெய்ப்பிக்கும் பொறுப்பு முழுவதும் பேசியவர் மீதே விழுந்தது. ஆவணக்காப்பகத்தில் மறுப்பு எஞ்சுகிறது. புகார் கடிதங்கள் எஞ்சவில்லை. வதந்தி எனப் பிற்காலத்தில் வகைப்படுத்தப்படுவனவற்றுள் எத்தனை இவ்வாறு சான்றிழந்த செய்திகள் என்னும் வினாவை வரலாற்று மாணவர் எழுப்பியே ஆகவேண்டும்.

அரசு கற்ற பாடமும் வேறாக இருந்தது. பிளேக் நடவடிக்கைகளின் கடுமை பின்னர் தளர்த்தப்பட்டது உண்மை. ஆயினும் 1898ஆம் ஆண்டின் 4ஆம் சட்டம் ராஜதுரோகப் பிரிவை விரிவாக்கி, வதந்தி தொடர்பான 505ஆம் பிரிவையும் மாற்றி எழுதியது. வதந்திக்கு மறுமருந்தாகத் தகவல் அல்ல, தண்டனையே தேர்ந்தெடுக்கப்பட்டது.

பன்றிக் காய்ச்சல் பரவிய 2009இல் அதே 1897ஆம் ஆண்டுச் சட்டம் புனேயில் மீண்டும் பயன்பட்டது. 2020இல் கொரோனாவின்போது நாடெங்கும் பயன்பட்டது. அவ்வாண்டுத் திருத்தம் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்குக் கடுந்தண்டனை சேர்த்தது. அது தேவையான பாதுகாப்பே. ஆனால் அரசு தான் அறிந்ததையும் அறியாததையும் மக்களுக்கு உரிய நேரத்தில் சொல்லவேண்டும் என்னும் கடமை, 123 ஆண்டுகளுக்குப் பின்னரும் அச்சட்டத்தில் இடம்பெறவில்லை.