சுருட்டு: சொல்லும் நம்முடையது, சரக்கும் நம்முடையது

தமிழ் உலகத்துக்குத் தந்த சொற்கள் எவை என்று நம் சங்கக் கூட்டங்களில் பேச்சு வந்தால் கட்டுமரம் வரும், மிளகுத்தண்ணீர் வரும், கறி வரும். சுருட்டு மட்டும் வராது. சொல்லக் கொஞ்சம் கூச்சம். ஆனால் ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்று வழங்கும் சொல் நம்முடைய சுருட்டேதான். 17-ஆம் நூற்றாண்டிலேயே அது ஆங்கிலத்துக்குள் ஏறிவிட்டது. போர்த்துக்கீசிய மொழியில் சிகாருக்கு இன்றைக்கும் ‘சருட்டு’ என்று ஒலிக்கும் சொல்தான் புழக்கத்தில் உள்ளது.

இந்தத் தலைப்பைச் சொன்னதும், “என்ன சார், குடும்பத்தோட படிக்கிற மலர்ல போயி சுருட்டா?” என்று ஓர் அம்மையார் கேட்டார். நியாயமான கேள்விதான். மாதத்துக்கு ஒன்று, சில மாதங்களில் அதுவும் இல்லை என்ற அளவில் சுருட்டுப் பிடிப்பவன் நான். யாரையும் பிடிக்கச் சொல்லி எழுதவில்லை. ஒரு காலத்தில் நம்மவர் கைகள் செய்த பொருளுக்கு லண்டனில் மதிப்பு இருந்தது. அந்த மதிப்பு எப்படி வந்தது, எப்படிப் போயிற்று என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

வந்த வழி

புகையிலை நம் மண்ணின் செடி அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. 1604-ஆம் ஆண்டு வாக்கில் அசத் பேக் என்பவர் பீஜப்பூரிலிருந்து கொண்டுவந்து அக்பருக்குக் காட்டினார். அக்பர் இழுத்தும் பார்த்தார். அரண்மனை வைத்தியர்கள் வேண்டாம் என்றார்கள். மகன் ஜஹாங்கீர் 1617-இல் தடையே போட்டார். தடை நிற்கவில்லை, புகையிலை நின்றுவிட்டது.

தமிழ்நாட்டில் அது எவ்வளவு சீக்கிரம் வீட்டுப் பிள்ளை ஆனது என்பதற்குச் சீனிச் சர்க்கரைப் புலவர் பாடிய ‘புகையிலை விடு தூது’ ஒன்றே போதும். பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்பும் அந்த நூலை உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தார். கருப்பண்ணசாமிக்கும் முனியாண்டிக்கும் படையலில் சுருட்டு வைக்கும் வழக்கம் நம் ஊர்ப்பக்கம் இன்றும் உண்டு. அயலூர்ச் சரக்கு குலசாமி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது!

சாம்பலில் தெரிந்த ஊர்

திண்டுக்கல் வட்டாரத்தில் இலை விளைந்தது. திருச்சியில், முக்கியமாக உறையூர்ப் பகுதியில், அதைச் சுருட்டினார்கள். விளைந்த ஊர் ஒன்று, பெயர் வாங்கிய ஊர் வேறு. ‘டிரிச்சினாபொலி’ என்ற பெயரோடு அது கப்பல் ஏறியது. பின்னர் ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லிலேயே பெரிய சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது.

அந்தப் பெயர் எவ்வளவு பரவியிருந்தது என்பதை ஒரு துப்பறியும் கதை சொல்லும். ஆர்தர் கோனன் டாயில் 1887-இல் வெளியிட்ட முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையில் சிந்திக் கிடக்கும் சாம்பலைப் பார்த்தே, கொலையாளி பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இது எந்த ஊர் என்று அந்தக் கதையில் விளக்கம் எதுவும் இல்லை. லண்டன் வாசகருக்குத் தெரியும் என்று எழுதியவர் நம்பியிருக்கிறார்.

சர்ச்சில் நம்ம ஊர்ச் சுருட்டைத்தான் பிடித்தார் என்று பலர் பெருமையாகச் சொல்வது உண்டு. அவர் பெரிதும் விரும்பியது கியூபா சுருட்டு. 1895-இல், இந்தியாவுக்கு வருவதற்கு முந்தைய ஆண்டே, அவர் கியூபாவுக்குப் போய் வந்தவர். இருக்கிற பெருமையே நமக்குப் போதும், இரவல் எதற்கு?

பார்த்து வாங்குவது எப்படி

சுருட்டில் மூன்று அடுக்கு. உள்ளே நிரப்பும் இலை, அதைப் பிடித்துக் கட்டும் இலை, மேலே போர்த்தும் இலை. கியூபா வகையில் ஒரு நுனி மூடியிருக்கும், வெட்டித்தான் பிடிக்க வேண்டும். நம் சுருட்டு இரு பக்கமும் திறந்தது, கத்தி தேவையில்லை.

வாங்கும்போது விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். லேசாக அமுங்கி மீள வேண்டும். நொறுங்கினால் காய்ந்த சரக்கு. ஓரிடம் கல்லாகவும் ஓரிடம் பஞ்சாகவும் இருந்தால் சுருட்டிய கை சரியில்லை, புகை ஒழுங்காக வராது. மேலிலை கறுத்திருந்தால் காரம் அதிகம் என்பது தப்புக் கணக்கு. காரத்தை உள்ளிலைதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

வைத்திருக்க 65 முதல் 70 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். டெல்லியின் மே மாத அனலில் இரண்டே நாளில் சுருட்டு விறகாகிவிடும். பம்பாய் மழையில் பூஞ்சை பூக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் அதுவும் உலர்த்திவிடும். இறுக மூடும் டப்பாவில், இலையைத் தொடாமல் ஒரு சிறு ஈரப்பஞ்சு வைத்தால் போதும். வெறும் வயிற்றில் பிடித்தால் தலை சுற்றும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும், அதையும் நெஞ்சுக்குள் விடக்கூடாது.

போன வழி

1881-இல் அமெரிக்காவில் பான்சாக் என்பவர் சிகரெட் சுற்றும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கை ஒவ்வொன்றாகச் சுருட்டுவதோடு இயந்திரம் போட்டி போட்டால் யார் ஜெயிப்பார்கள்? மேலே சிகரெட், கீழே மலிவான பீடி, நடுவில் சுருட்டு நசுங்கியது. 1947-க்குப் பிறகு வெள்ளைக்கார வாடிக்கையாளரும் போனார்கள். கியூபாவோ ‘ஹவானா’ என்ற பெயரைச் சட்டத்தால் வேலி கட்டிக் காத்தது. நம் திருச்சிப் பெயரோ ஆங்கில அகராதியில் தங்கிவிட்டது, கடைத்தெருவில் தங்கவில்லை.

இதில் எனக்கு வருத்தம் மட்டும்தானா என்றால், இல்லை. என் தாத்தாவை வாயில் சுருட்டு இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது. “உள்ள இழுக்கலடா, ஒண்ணும் பண்ணாது” என்பார். அவரைக் கொண்டுபோனது வாய்ப்புற்று. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குச் சுருட்டு காரணமாகும் என்பது மருத்துவம் உறுதியாகச் சொல்லும் செய்தி. பொது இடங்களில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த தடையை நான் வரவேற்றவன்தான்.

ஆகவே தொழில் திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதன் நினைவு போகக்கூடாது என்றுதான் கேட்கிறேன். இலையைப் பதம் பார்த்த விதம், சுருட்டும் பலகையின் பெயர், கூலி கணக்கிட்ட முறை எல்லாம் எந்த அகராதியிலும் முழுதாக இல்லை. உங்கள் குடும்பத்தில் திண்டுக்கல், உறையூர்ப் பக்கம் சுருட்டுச் சுற்றிய பெரியவர் யாராவது இருந்தால், அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த ஆண்டு மலருக்கு அதைவிட நல்ல கட்டுரை கிடைக்காது.